மே மாதத்தில் முடிவாகும் பிப்ரவரி

தாயி, வருகிற ஏப்ரலில் நீ அக்லூஜ் பக்கம் ஓர் ஒயின் தோட்டத்தில் பயிற்சிக்குச் சேரப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். ஷிராஸ் கொடி இருக்கும் பகுதியை உன் பொறுப்பில் விடப்போகிறார்களாம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து புனேவுக்கு வந்து, திராட்சைக் கொடியோடேயே தலை நரைத்தவன் நான். நம் குடும்பத்தில் இன்னொருத்தி கவாத்துக் கத்தரியைக் கையில் எடுக்கிறாள் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது.

ஊரில் சிலர் முகம் சுளிப்பார்கள். குடி கெடுத்த வீடுகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவர்களோடு வாதாடாதே. உனக்கு ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இந்தத் தொழிலில் ஒயினை ருசி பார்ப்பதும் வேலை. வாயில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். முதல் நாளே துப்பப் பழகிக்கொள், யார் கிண்டல் செய்தாலும் துப்பு. காலையில் இருந்த அதே நாக்கும் அதே நிதானமும் சாயங்காலம் வரை யாரிடம் இருக்கிறதோ, அவர் பேச்சைத்தான் ஆலையில் நம்புவார்கள்.

இனி ஷிராஸுக்கு வருகிறேன். பிரான்சில் சிரா, ஆஸ்திரேலியாவிலும் நம் நாட்டிலும் ஷிராஸ். கொடி ஒன்றுதான். பாரசீகத்து ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த ரகம் என்று தோட்டத்துக்கு வருகிறவர்களிடம் கதை சொல்லுவார்கள், நம்பிவிடாதே. 1998-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கேரல் மெரிடித் அம்மையாரும், பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளர்களும் மரபணுவைச் சோதித்துப் பார்த்தார்கள். டுரேசா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்களுக்குப் பிறந்தது இது என்று தெரிந்தது. பெற்ற ரகங்கள் இரண்டுக்கும் பெரிய பெயர் கிடையாது. பிள்ளைக்குக் கிடைத்த பெருமையெல்லாம் நட்ட இடத்திலும் வளர்த்த கையிலும் வந்தது.

எந்த இடம் என்றால், பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் எர்மிதாஜ் என்று ஒரு குன்று. மொத்தக் கொடிப்பரப்பும் 140 ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். தெற்கு பார்த்த சரிவு, அதில் மேற்குப் பக்கம் கிரானைட் பாறை மண். வடக்கிலிருந்து வீசும் காற்று கொடியை ஒடித்துவிடும் என்பதால் ஒவ்வொரு கொடியையும் கம்பு நட்டுக் கட்டியிருப்பார்கள். நம் பழைய பாட்டன்மார் காலத்தில், அதாவது 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், பெயர்பெற்ற போர்தோ ஒயின் பகுதியின் வியாபாரிகள் தங்கள் ஒயின் மெலிந்துபோகிற ஆண்டுகளில் இந்தக் குன்றின் ஒயினை வாங்கிக் கலந்து திடம் ஏற்றிக்கொள்வார்கள். போர்தோவுக்கே பலம் கடன் கொடுத்த மண் அது.

அவ்வளவு பலமான ஒயினை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கிற எல்லோரும் கடைசிக் கட்டத்தைத்தான் கேட்கிறார்கள். எந்த ஈஸ்ட், எந்த நாட்டுப் பீப்பாய், எத்தனை மாதம் என்று. என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன்களும் பெண்களும் முதல் வாரத்திலேயே பீப்பாய் அறைக்குப் போகத்தான் ஆசைப்படுவார்கள். பீப்பாயில் போய்ப் பலம் சேர்வதில்லை தாயி. அதற்கு முன்னால் தொட்டியில் என்ன கிடைத்ததோ அதைத்தான் பீப்பாய் வாங்கிக்கொள்ளும். தொட்டிக்கு என்ன பழம் வந்ததோ அதைத் தாண்டி அங்கும் ஒன்றும் நடக்காது. இப்படியே பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், யார் கண்ணுக்கும் படாத ஒரு மாதத்தில், யாரும் கவனிக்காத ஒரு வேலையில், எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும்.

அந்த மாதம் மே. ஐரோப்பாவில் பனிக்காலம் கொடியைத் தூங்க வைக்கிறது. தக்காணத்தில் கொடி தூங்குவதே இல்லை. அதனால் இங்கே ஆண்டுக்கு இரண்டு கவாத்து. ஏப்ரலில் அடிக்கவாத்து, மராத்தியில் கரட் சாட்டணி என்பார்கள். பழைய கிளைகளை ஒட்ட வெட்டிவிட்டு, புதுக் கிளை வளர்க்கிறோம். அதில் காய் எடுப்பதில்லை. மழைக்காலம் முடியும் தறுவாயில், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, காய்க்கு வெட்டும் இரண்டாவது கவாத்து. அதிலிருந்து ஏறக்குறைய ஐந்து மாதத்தில், பிப்ரவரி வாக்கில், அறுவடை. பார்க்கிறவர்களுக்கு அக்டோபரில் வெட்டியதுதான் பிப்ரவரியில் காய்த்தது என்று தோன்றும். ஆனால் கொத்து அதற்கு வெகு முன்பே உள்ளே வந்துவிடுகிறது. ஏப்ரல் கவாத்து முடிந்து ஒன்றரை, இரண்டு மாதத்தில், புதுக்கிளையின் கணுவில் இருக்கும் சின்ன மொட்டுக்குள் அது காய்க்கும் மொட்டா, வெறும் இலை மொட்டா என்று தீர்மானமாகிவிடுகிறது. அந்த நாட்களில் கிளை மேல் நல்ல வெயில் பட வேண்டும், தண்ணீரும் தழைச்சத்தும் அளவோடு இருக்க வேண்டும். கிளைகள் நெருக்கிக்கொண்டு ஒன்றன் நிழலில் ஒன்று வளர்ந்திருந்தால், அக்டோபரில் நீ எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் கொத்து வராது.

மே மாதத்துத் தோட்டத்தைப் படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள். அனல் காற்று, புழுதி, காயே இல்லாத கொடி. கூடுதல் கிளைகளைக் கிள்ளி எடுத்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த வேலையை ஆள் வைத்துச் செய்யச் சொல்லிவிட்டுப் புனேவுக்கு ஓடிவந்துவிடாதே. உன் வயதில் எல்லோருக்கும் பிப்ரவரி மேல்தான் கண். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் பதவி, ஓராண்டில் கார் என்று உன் தோழிகள் பேசிக்கொண்டிருப்பது என் காதிலும் விழுகிறது. அவர்களுடைய பருவம் வேறாக இருக்கலாம். உன் பருவத்தை உன் கொடி சொல்லும்.

மே மாதத்துக்கும் முந்திய முடிவு ஒன்று உண்டு. மண். அது உனக்கு முன்னாலேயே யாரோ எடுத்த முடிவு. ஆனாலும் என்ன எடுத்திருக்கிறார்கள் என்று நீ தெரிந்துகொண்டாக வேண்டும். அக்லூஜ் நீரா ஆற்றுப் பாசனத்தில் கரும்பு கொழிக்கிற சீமை. ஆற்றோரத்தில் ஆழமான கரிசல், மேட்டுப்பக்கம் போகப்போக எரிமலைப் பாறை இற்றுப்போன சரளை. மராத்தியில் முரும் என்பார்கள், நம் ஊரில் முரம்பு. கரும்பு விவசாயிக்குக் கரிசல் தங்கம், முரம்பு தரிசு. ஷிராஸுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். ஆழக்கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொடி இலையாகவே பெருகும், காய் ஊதும், சாறு நீர்த்துப்போகும். ஏற்கெனவே முரட்டு வளர்ச்சி உள்ள ரகத்தை அங்கே நட்டால் அதை அடக்குவதிலேயே உன் காலம் போய்விடும். முரம்பு நீரை வடித்துவிடும். கொடி அடக்கமாக வளரும், காய் சிறுக்கும். புனே மாவட்டத்தில் ரோட்டி கிராமத்து மேட்டுச் சரிவில் ஃபோர் சீசன்ஸ் ஆலை கொடி நட்டபோதும், அக்லூஜ் பக்கம் மோஹிதே பாட்டீல், செக்ரி, இத்தாலியின் செச்சி ஆகிய மூன்று குடும்பத்துச் சகோதரர்கள் சேர்ந்து ஃபிராட்டெல்லி தொடங்கியபோதும் முதல் கேள்வி இடம்தான். ஃபிராட்டெல்லிக்கு டஸ்கனியிலிருந்து வந்த ஒயின் வல்லுநர் பியேரோ மாசி. மோட்டேவாடி, நிம்காவ் என்று கொடிகளைத் தனித்தனி இடங்களில் நட்டார்கள். எல்லா ரகத்துக்கும் ஒரே மண் ஒத்துவராது என்பது அதிலேயே தெரியும்.

சேர்ந்த முதல் வாரம் உன் பகுதியில் நான்கைந்து இடத்தில் ஆள் உயரக் குழி வெட்டச் சொல். உள்ளே இறங்கிப் பார். வேர் எதுவரை போயிருக்கிறது, எங்கே திரும்பிக்கொண்டது, சுண்ணாம்புக் கட்டி எங்கே தட்டுப்படுகிறது என்று நோட்டில் எழுது. சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் ஷிராஸுக்கு இரும்புச் சத்து ஏறாமல் இலை மஞ்சள் பாரிக்கும், அதை நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறவர்கள் உண்டு. ஒட்டு எந்த வேர்ச்செடியில் கட்டியது என்றும் கேள். மராட்டியத் தோட்டங்களில் பெரும்பாலும் டாக்ரிட்ஜ். டெக்சாஸ் காட்டுத் திராட்சையிலிருந்து வந்தது. வறட்சியும் உப்பும் தாங்கும், ஆனால் மேலே உள்ள கொடியை வெறிபிடித்து வளர வைக்கும். மேசைத் திராட்சைக்கு அது வரம். ஒயினுக்கு 110ஆர் என்ற அடக்கமான வேர்ச்செடி மேல் என்பது என் கட்சி. மஞ்சரியில் 1997 முதல் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறதே, அங்கே மண்ணையும் இலைக்காம்பையும் கொடுத்துச் சோதிக்கச் சொல். பொட்டாசியம் எவ்வளவு என்பதை முக்கியமாகப் பார்த்துக்கொள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மண்ணை மாற்ற முடியாது. ஆனால் தேதியைத் தேர்ந்தெடுக்கலாம். என்னைக் கேட்டால் தக்காணத்தில் ஷிராஸின் தலையெழுத்தே அந்தத் தேதியில்தான் இருக்கிறது. இதை நிதானமாகப் படி.

பிரான்சில் பழம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பழுக்கிறது. அப்போது அங்கே வெயில் குறைந்துகொண்டே வரும், இரவு குளிர்ந்துகொண்டே வரும். பழத்துக்கு அவசரம் இல்லை. இங்கே நேரெதிர். ஜனவரியில் பழுக்கத் தொடங்குகிற பழம் ஒவ்வொரு வாரமும் கூடுதல் வெயிலை நோக்கிப் போகிறது. ஜனவரி இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும், மார்ச் பகலில் 37, 38 தொடும். 35 டிகிரி தாண்டினால் தோலில் நிறம் சரியாக ஏறாது, புளிப்பு சரசரவென்று இறங்கும், சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகும். அப்படியானால் செப்டம்பர் நடுவிலேயே கவாத்து செய்து, ஜனவரிக் குளிரிலேயே பழுக்க வைத்துவிடலாமே என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் செப்டம்பரில் மழை ஓயாது. இளந்தளிர் மேல் மழை பட்டால் அடிச்சாம்பல் நோய் ஒரே வாரத்தில் தோட்டத்தை வாரிக்கொண்டு போய்விடும், பூங்கொத்து அழுகி உதிரும். தள்ளிப்போட்டு அக்டோபர் கடைசியில் வெட்டினால் நோய் குறையும், பழம் மார்ச் வெயிலில் மாட்டிக்கொள்ளும். 2014 பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் மராட்டியம் முழுக்கக் கல்மழை கொட்டியது நினைவிருக்கலாம். பறிக்காமல் கொடியில் வைத்திருந்தவர்கள் ஆண்டு உழைப்பை ஒரு மாலையில் இழந்தார்கள்.

இரண்டு பக்கமும் ஆபத்து உள்ள முடிவு இது. வானிலை அறிக்கை ஓரளவுதான் கைகொடுக்கும். என் வழி என்னவென்றால், தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல், காற்றோட்டமான மேட்டுப் பகுதியை முதலில் வெட்டுவது. அங்கே ஈரம் சீக்கிரம் காயும், நோயைச் சமாளித்துவிடலாம், குளிரிலேயே பழுக்கும். பள்ளத்துப் பகுதியைப் பத்துப் பதினைந்து நாள் கழித்து வெட்டுவது. முழுப் பாதுகாப்பு கிடைக்கும் வரை காத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர்கள் மார்ச்சைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கல்யாணமோ வேலையோ, உன் வாழ்க்கையிலும் இப்படிச் சில தேதிகள் வரும். எல்லா விவரமும் கைக்கு வந்த பிறகுதான் முடிவு என்று உட்கார்ந்துவிடாதே. உனக்குத் தெரிந்த மேட்டில் தொடங்கு.

அடுத்தது குறைப்பது. இதில் உனக்குச் சுற்றியுள்ள தோட்டக்காரர்களோடு ஒத்துப்போகாது. சாங்லி, சோலாப்பூர், நாசிக் எங்கும் மேசைத் திராட்சைக்காரர்கள் ஜிப்ரலிக் அமிலத்தில் கொத்தை முக்கிக் காயைப் பெருக்குவார்கள். ஏக்கருக்கு 10 டன் சாதாரணம். காய் பெருத்தால் ஏற்றுமதி விலை. உன் ஷிராஸ் காய் சிறுக்க வேண்டும். ஷிராஸின் சதையும் சாறும் நிறமற்றவை. நிறமும் வாசனையும் தோலில், துவர்ப்பு தோலிலும் விதையிலும். காய் சிறிதானால் அதே அளவு சாற்றுக்குத் தோல் அதிகம் கிடைக்கும். எர்மிதாஜ் ஒயினின் பலம் இதில்தான் தொடங்குகிறது. பிஞ்சு பிடித்த பிறகு சொட்டுநீரைக் குறை. நம் பக்கம் பழுக்கிற பருவத்தில் மழை இல்லாததால் தண்ணீர் முழுக்க உன் கையில் இருக்கிறது, இந்த வசதி பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடையாது. காய் நிறம் திரும்பும்போது பின்தங்கிய பச்சைக் கொத்துகளை வெட்டித் தரையில் போடு. காலை வெயில் படும் பக்கம் இலையை எடு, மேற்குப் பக்கம் எடுக்காதே, மூன்று மணி வெயில் பழத்தை வேகவைத்துவிடும். மேசைத் திராட்சை விளைச்சலில் பாதிக்கும் கீழே நீ இறங்க வேண்டியிருக்கும்.

வெட்டிய கொத்து தரையில் கிடப்பதைப் பார்த்து மேற்பார்வையாளர் சண்டைக்கு வருவார். வேலை செய்யும் பெண்களுக்கும் மனசு கேட்காது. அவர்களை உட்கார வைத்து விளக்கிச் சொல். நாசிக் தோட்டங்களுக்கு சுர்கானா, பேட் பக்கத்து ஆதிவாசிக் குடும்பங்கள் வரும், உன் பக்கம் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். எந்தக் கொடி சோம்பல், எது துடிப்பு என்று நம் கம்ப்யூட்டருக்கு முன்னால் அவர்கள் கைக்குத் தெரியும். கேட்டுக்கொள். கூலியைத் தாமதிக்காதே.

பெருக்கத்தின் ஆபத்தைத் தோட்டத்தில் மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நம் புனே மாவட்டத்து நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே 1980-களில் பிரான்சின் பைப்பர் ஹைட்சிக் நிறுவனத்தின் நுட்ப உதவியோடு நுரைக்கும் ஒயின் செய்தார். ஒமர் கய்யாம் என்ற பெயரில் அது வெளிநாடுகளுக்குப் போனது. இந்தியாவில் நல்ல ஒயின் செய்ய முடியும் என்று உலகம் முதன்முதலில் நம்பியது அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான். அந்தத் துணிச்சலுக்கு நான் இன்றும் கைகூப்புகிறேன். நாசிக்கும் அக்லூஜும் அவர் போட்ட பாதையில் நடந்தவை. ஆனால் பிற்காலத்தில் அவருடைய இண்டேஜ் நிறுவனம் பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கம்பெனிகளை வாங்கியது. உலகச் சந்தை சுருங்கியபோது, 2010 வாக்கில், கடனில் மூழ்கிப்போனது. அந்த ஆண்டுகளில் மராட்டியத்தில் ஒயின் திராட்சையை வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள். அவ்வளவு நல்ல கைகள் செய்த வேலை. யாராவது ஒருவர் உள்ளே இருந்துகொண்டு, இந்த ஆண்டு இது போதும் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

அறுவடை நாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதை உனக்கு ஆலையில் கற்றுக்கொடுப்பார்கள். சர்க்கரை 24 பிரிக்ஸ் வந்தால் ஏறக்குறைய 13.5, 14 விழுக்காடு ஆல்கஹால். ஆனால் மீட்டரை மட்டும் நம்பாதே. விதையைக் கடித்துப் பார், பச்சையாகக் கசந்தால் இன்னும் ஆகவில்லை. ஷிராஸ் பழுத்த பிறகு காத்திருக்காது, சில நாளிலேயே காய் சுருங்கத் தொடங்கிவிடும். விடிவதற்கு முன் விளக்கு வைத்துப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் ஆலைக்குள் சேர்த்துவிட வேண்டும். மண்ணில் பொட்டாசியம் பார்க்கச் சொன்னேனே, அதன் கணக்கு இங்கே வரும். கரிசல் மண்ணின் பொட்டாசியம் பழத்துக்குள் ஏறிப் புளிப்பின் வேகத்தை அடக்கிவிடும். பிஹெச் 3.8-க்கு மேல் போனால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம், நிறமும் நிற்காது. அப்போது டார்டாரிக் அமிலம் சேர்ப்பார்கள். நம் புளியில் இருக்கும் அதே அமிலம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூட்டை மூட்டையாகச் சேர்க்க வேண்டியிருந்தால், கவாத்துத் தேதியிலோ உரத்திலோ எங்கோ தவறியிருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்.

தொட்டி அறைக்குள் நுழையும் முன் இதைக் கேள், விளையாட்டில்லை. ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் 50 லிட்டருக்கும் மேல் கரியமில வாயுவை வெளியேற்றும். அது காற்றைவிடக் கனம். தொட்டிக்குள்ளும் தரையிலும் தேங்கி நிற்கும், நிறமில்லை. சக்கையை அள்ளத் தொட்டிக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்கியவரும் சேர்ந்து போன கதைகள் ஒயின் செய்யும் எல்லா நாடுகளிலும் உண்டு. வாயு மீட்டர் வைத்துப் பார்க்காமல், வெளியே ஆள் நிற்காமல், யார் சொன்னாலும் இறங்காதே. உன் கீழ் வேலை செய்கிறவரை இறங்கவும் விடாதே. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா.

நொதிக்கும்போது தோலெல்லாம் மேலே எழும்பித் தடித்த மூடியாக நிற்கும். அடியிலிருந்து சாற்றை பம்ப் வைத்து அதன் மேல் ஊற்றலாம், கோலால் அமுக்கலாம். 25-லிருந்து 30 டிகிரிக்குள் வைத்து, இரண்டு மூன்று வாரம் தோலோடு ஊறவிடலாம். பலமான ஒயின் வேண்டும் என்ற ஆசையில்தான் இங்கே பலர் கெடுக்கிறார்கள். டிக்காஷனை அடுப்பிலேயே விட்டுக் கொதிக்கவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும். முதலில் நிறமும் வாசனையும் இறங்கும், ஆல்கஹால் ஏறிய பிறகு விதையின் கசப்புத் துவர்ப்பு இறங்கத் தொடங்கும். அதன் பிறகு எவ்வளவு அமுக்கினாலும் கிடைப்பது முரட்டுத்தனம். தினமும் இரண்டு வேளை ருசி பார்த்து, எந்த நாளில் கை எடுப்பது என்று நாக்கால் முடிவு செய். பிரான்சின் கோத் ரோத்தியில் காம்போடு சேர்த்து நொதிக்க வைக்கிறார்களே, நாமும் செய்யலாமா என்று கேட்பாய். அங்கே காம்பு பழுத்துப் பழுப்பாகியிருக்கும், நம் பக்கம் அறுவடையிலும் காம்பு பெரும்பாலும் பச்சை. ஒரு சின்னத் தொட்டியில் செய்து பார்த்துக்கொள்.

இன்னொரு குணமும் ஷிராஸுக்கு உண்டு. மூடியே வைத்தால் அழுகிய முட்டை வாடை எடுக்கும், அதற்குக் காற்று வேண்டும். அளவோடு காற்றுக் காட்டிப் பாத்திரம் மாற்ற வேண்டும். பீப்பாய் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 225 லிட்டர் பிரெஞ்சு ஓக், அல்லது வெனிலா வாசம் தூக்கலான அமெரிக்க ஓக். புது மரம் வாசனையைத் தூக்கிக் கொடுக்கும், விலையும் அதிகம். சாதாரண ஒயினைப் புது மரத்தில் போட்டு மறைப்பது எளிது, ஓரிரு ஆண்டு மறைந்தும் இருக்கும். அந்த ஒயினை ரிசர்வ் என்று போடச் சொன்னால், இது அந்தத் தரத்துக்கு வரவில்லை, கீழ் லேபிளில் போடலாம் என்று எழுத்தில் கொடு. மரியாதையாகக் கொடு. அப்படிக் கொடுத்த சீட்டு உன்னைப் பற்றி ஆலைக்குச் சொல்லும்.

ஆஸ்திரேலியாவில் மேக்ஸ் ஷூபர்ட் என்றொருவர். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் 1951-இல் ஷிராஸை வைத்து கிரேஞ்ச் என்ற ஒயினைச் செய்தார். நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய ஒயின். இளசாக ருசி பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். 1957-இல் நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது. அவர் சத்தமில்லாமல் தொடர்ந்தார். புதுப் பீப்பாய் வாங்கப் பணம் கிடையாது, கையில் கிடைத்த மரத்தில் செய்தார். பழைய பாட்டில்கள் முதிர்ந்து தங்களுக்காகப் பேசத் தொடங்கியதும், 1960-இல் நிர்வாகமே திரும்பச் செய்யச் சொன்னது. மேலிடத்துக்குத் தெரியாமல் செய் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அந்த மூன்று ஆண்டும் புது மரம் இல்லாமலே ஒயின் நின்றது, ஏனென்றால் பழத்தை அவர் முன்பே சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தார். இன்னொன்றும் கவனி. கிரேஞ்ச் ஒரே தோட்டத்துப் பழமில்லை, பல இடத்துப் பழத்தைத் தேர்ந்து சேர்த்தது. ஒரே குன்று, ஒரே பாறை என்று பக்தியோடு பேசுகிறவர்கள் மத்தியில் இதை மறந்துவிடாதே. மேட்டுப் பழமும் பள்ளத்துப் பழமும் தனித்தனித் தொட்டியில் நொதிக்கட்டும், சேர்ப்பதா வேண்டாமா என்று கோடையில் ருசி பார்த்து முடிவு செய்யலாம்.

ஷிராஸில் மிளகு வாசனை வரும் என்பார்கள். அது கற்பனை இல்லை. ரோட்டன்டோன் என்ற ஒரு பொருள்தான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-இல் எழுதினார்கள். கருமிளகிலும் அதே பொருள்தான். குளிர்ந்த இடத்துப் பழத்தில் அதிகம், வெயிலில் காய்ந்த கொத்தில் குறைவு. ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே எட்டாது, மூக்கின் அமைப்பு அப்படி. உனக்கு எட்டுகிறதா என்று முதலில் சோதித்துக்கொள். எட்டவில்லை என்றால் வருந்தாதே, எட்டுகிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதை எழுதிக்கொள்.

மே கடைசியில் நான் வருகிறேன். புனேவிலிருந்து அக்லூஜ் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடலாம். அதற்குள் குழிகளை வெட்டி வைத்திரு, மூடிவிடாதே, நானும் இறங்கிப் பார்க்க வேண்டும். செப்டம்பரில் கவாத்துக்கு முன்னால், ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சில கிளைகளை வெட்டி எடுத்து, மொட்டைக் கீறி நுண்ணோக்கியில் வைத்துப் பார். மராட்டிய விவசாயிகள் பலரும் செய்கிற சோதனைதான். மூன்றாம் கணுவிலா, ஐந்தாம் கணுவிலா, எங்கே கொத்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுவது என்பது அதைப் பொறுத்தது. ஆய்வகத்தில் எண்ணிக் கொடுப்பார்கள், ஆனாலும் நீயே ஒரு தடவை எண்ணு. மேட்டுப் பகுதிக்கு எத்தனை, பள்ளத்துக்கு எத்தனை என்று தனித்தனியாக எனக்குப் போனில் சொல், நான் இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.